கமகுரா புத்தரும் 160 வருஷப் பழைய ஒரு ஆங்கிளும்

டோக்கியோ, யோகோஹாமா பக்கம் ரெண்டு வருஷமாவது பொட்டி தட்டின நம்மாளுங்க யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு போட்டோ கட்டாயம் இருக்கும். பின்னாடி மரம் அடர்ந்த மலை, நடுவுல பாசி நிறத்துல கண்ணை மூடி உட்கார்ந்திருக்கற பெரிய புத்தர், அவருக்குக் கீழே குளிர் கோட்டு போட்ட ஒரு குடும்பம். அப்பா கையில தண்ணி பாட்டில், அம்மா இடுப்புல குழந்தை. ஊர்லேர்ந்து வந்த மாமியார் மட்டும் கேமராவைப் பார்க்காம சிலையைப் பார்த்துட்டு நிப்பாங்க. எங்க வீட்லயும் அந்தப் படம் இருக்கு. பக்கத்து அபார்ட்மென்ட்டுல இருக்கற தெலுங்குக் குடும்பத்துகிட்டயும் இருக்கு. ஆங்கிள்கூட மாறாது. நேர் எதிர், கொஞ்சம் கீழேர்ந்து, சிலை முழுசாத் தெரியற மாதிரி.

யோகோஹாமாவுல துறைமுகம் திறந்த காலத்து ஆவணக் காப்பகம் ஒண்ணு இருக்கு. 1931ல் கட்டின பழைய பிரிட்டிஷ் தூதரகக் கட்டடம், 1981லேர்ந்து மியூசியம். 1800கள்ல எடுத்த போட்டோக்களை அங்கே பார்த்துட்டிருந்தப்ப, தங்கமணி சட்டுனு ஒரு படத்தைக் காட்டி "இது நம்ம படமாச்சே"ன்னா. அதே புத்தர், அதே ஆங்கிள். குளிர் கோட்டுக்குப் பதிலா கிமோனோ, அவ்ளோதான் வித்தியாசம்.

அன்னிக்கு ஆரம்பிச்ச அரிப்பு இது. ஜப்பான்ல இதைவிடப் பெரிய சிலை இருக்கு, நாரா புத்தர். இதைவிடப் பழைய கோயில்கள் நூத்துக்கணக்குல இருக்கு. அப்புறம் ஏன் கேமரா கண்டுபிடிச்ச காலத்துலேர்ந்து எல்லாரும் இந்த ஒருத்தரையே, ஒரே இடத்துல நின்னு படம் எடுக்கறாங்க? ஆணி புடுங்கற நேரம் போக மிச்ச நேரத்துல தேடிப் படிச்சதுல கிடைச்ச விடை நான் எதிர்பார்க்காத இடத்துல இருந்துச்சு. அழகு, பக்தி எல்லாம் ரெண்டாவது காரணம். முதல் காரணம் ஒரு ஒப்பந்தத்துல இருந்த ஒரு வரி.

பத்து ரி

ரெண்டு நூற்றாண்டுக்கு மேல மூடிக்கிடந்த ஜப்பானை 1853ல் அமெரிக்கக் கப்பல்கள் வந்து தட்டின கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1858ல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, ஹாலந்து அஞ்சு நாடுகளோட ஒப்பந்தம் ஆச்சு. 1859ல் யோகோஹாமா துறைமுகம் திறந்தது. அதுக்கு முன்னாடி அது ஒரு சின்ன மீனவ கிராமம். வெள்ளைக்காரங்க வந்து கடை போட்டுக்கலாம், வீடு கட்டிக்கலாம். ஆனா நினைச்ச இடத்துக்கெல்லாம் சுத்த முடியாது. துறைமுகத்துலேர்ந்து பத்து ரி தூரம் வரைக்கும்தான் அனுமதி. ஒரு ரி-ங்கறது கிட்டத்தட்ட 3.9 கிலோமீட்டர். ஆக, சுமார் 39 கிலோமீட்டர். எதோ (இன்னிக்கு டோக்கியோ) பக்கம் போனா ரொக்குகோ ஆத்தோட நிறுத்திக்கணும், ஏன்னா ஷோகுனோட தலைநகரத்துக்குள்ள இஷ்டத்துக்கு நுழைய விட மாட்டாங்க.

இப்ப மேப்பை எடுத்து யோகோஹாமாவுல காம்பஸ் முள்ளை ஊன்றி 39 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்க. கியோத்தோ வராது. நாரா வராது. உள்ளே விழற பெரிய பழைய இடம்னு பார்த்தா கமகுரா, பக்கத்துல எனோஷிமா தீவு. 1333 வரைக்கும் முதல் ஷோகுன் ஆட்சிக்குத் தலைநகரமா இருந்த ஊரு கமகுரா. யோகோஹாமாலேர்ந்து குதிரையில கிளம்பினா போய்ச் சேர்ந்துடலாம். வட்டத்தைத் தாண்டணும்னா தனி அனுமதிச் சீட்டு வேணும். இந்தக் கட்டுப்பாடு முழுசாப் போனது 1899ல்தான். அதாவது 40 வருஷம், ஜப்பான் வந்து இறங்கின வெளிநாட்டுப் பயணி சுலபமாப் போய்ப் பார்க்கக்கூடிய பெரிய சமாச்சாரம் இந்தப் புத்தர்தான். உலகம் முழுக்க "ஜப்பான்னா இது"ன்னு இந்த முகம் பதிஞ்சு போனதுக்குக் காரணம் அந்த வட்டம்.

சுலபமாப் போகலாம்னு சொன்னேனே தவிர, பத்திரமாப் போகலாம்னு சொல்லலை. 1862ல் யோகோஹாமா பக்கத்துல நமமுகிங்கற இடத்துல, சத்சுமா பிரபுவோட ஊர்வலத்துக்கு வழி விடாத ஒரு ஆங்கிலேய வியாபாரியை சாமுராய்கள் வெட்டிக் கொன்னாங்க. 1864 நவம்பர்ல கமகுராவுக்கே சுத்திப் பார்க்கப் போன ரெண்டு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் கொல்லப்பட்டாங்க. நாம ஞாயித்துக்கிழமை தயிர்சாதம் கட்டிட்டுப் போற ரூட்டுல அன்னிக்குத் துப்பாக்கியோட போயிருக்காங்க.

லக்னோவிலிருந்து வந்த கேமரா

அந்தத் துப்பாக்கிக் காலத்துல, 1863ல் யோகோஹாமா வந்து இறங்கினவர் பெலீச்சே பியாட்டோ. வெனிஸ்ல பிறந்த இத்தாலிக்காரர். போர்க்கள போட்டோகிராபர்னு சொல்லப்பட்டவங்கள்ல ரொம்ப ஆரம்ப காலத்து ஆளு. நம்ம நாட்டுக்கும் வந்திருக்கார். 1857 எழுச்சி அடங்கினதும் 1858ல் லக்னோ போய், சிக்கந்தர் பாக் மாளிகையை எடுத்தார். முன்னாடி தரையில எலும்புக்கூடுகள் சிதறிக் கிடக்கும், பின்னாடி இடிஞ்ச கட்டடம். சரித்திரப் புஸ்தகங்கள்ல பார்த்திருப்பீங்க. சண்டை நடந்தது 1857 நவம்பர், படம் எடுத்தது சில மாசம் கழிச்சு. படத்துக்காகவே எலும்புகளை வெளியே எடுத்துப் பரப்பினாங்கன்னு பல ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அப்புறம் 1860ல் சீனாவுல அபினிப் போர். அதுக்கப்புறம் யோகோஹாமா. சார்லஸ் விர்க்மன்ங்கற ஆங்கில ஓவியரோட சேர்ந்து ஸ்டுடியோ போட்டார். பத்து ரி வட்டத்துக்குள்ள சுத்தி எடுத்த படங்கள்ல கமகுரா புத்தரும் உண்டு. சிலையோட அளவு புரியணும்னு ஆட்களைப் பக்கத்துல நிக்க வெச்சு எடுத்திருக்கார். நாம இன்னிக்குக் குழந்தையை நிக்க வெச்சு எடுக்கறோமே, அதே டெக்னிக்.

அவர் எடுத்தது வெட் பிளேட் முறையில. போட்டோ கிறுக்கு இருக்கறவங்களுக்கு மட்டும் கொஞ்சம் விளக்கம், மத்தவங்க அடுத்த பாராவுக்குத் தாவலாம். ஒரு கண்ணாடித் தகட்டுல கொலோடியன்னு ஒரு பிசுபிசுப்பான திரவத்தை சமமா ஊத்தணும். அதை இருட்டுல வெள்ளி நைட்ரேட் கரைசல்ல முக்கணும். ஈரம் காயறதுக்குள்ள கேமராவுல மாட்டிப் படம் எடுத்து, உடனே டெவலப் பண்ணணும். எல்லாமா பத்து பதினைஞ்சு நிமிஷம். காய்ஞ்சா போச்சு. ஆக, போற இடத்துக்கெல்லாம் இருட்டுக் கூடாரம், கண்ணாடித் தகடுகள், கெமிக்கல் பாட்டில்கள், தண்ணி எல்லாம் கூடவே போகணும். தூக்கிட்டு நடக்க கூலியாட்கள் வேணும். எக்ஸ்போஷர் நொடிக்கணக்குல ஆகும், அதனால அசையற எதுவும் கலங்கிடும். குழந்தையை அசையாம நிக்க வைக்க முடியுமா? முடியாது. புத்தர் அசைய மாட்டார். அந்தக் காலத்து போட்டோகிராபருக்கு இதைவிட நல்ல மாடல் கிடைக்குமா? :-)

1866 நவம்பர்ல யோகோஹாமாவுல பெரிய தீ விபத்து. பியாட்டோவோட ஸ்டுடியோவும் நெகட்டிவ்களும் எரிஞ்சு போச்சு. மனுஷன் அசரலை, திரும்பச் சுத்தி எல்லாத்தையும் மறுபடி எடுத்து 1868ல் ஆல்பமாப் போட்டார். ஹார்ட் டிஸ்க் போச்சேன்னு உட்கார்ந்து அழற நேரத்துல எல்லாம் நான் இவரை நினைச்சுக்குவேன்.

வர்ணம் பூசின ஜப்பான்

வெள்ளைக்காரங்க மட்டும்தான் எடுத்தாங்கன்னு நினைச்சுடாதீங்க. பியாட்டோ வர்றதுக்கு முந்தின வருஷமே, 1862ல், ஷிமோஓகா ரென்ஜோ யோகோஹாமாவுலயும் உஏனோ ஹிகோமா நாகசாகியிலயும் ஸ்டுடியோ திறந்துட்டாங்க. ஜப்பானியர் எடுத்து இன்னிக்கு வரைக்கும் மிச்சம் இருக்கற மிகப் பழைய போட்டோ 1857ல் எடுத்த சத்சுமா பிரபு ஷிமாசு நாரியாகிராவோடது. ஜனங்களுக்கு மட்டும் பயம் போகலை. போட்டோ எடுத்தா உயிர் உறிஞ்சப்படும், மூணு பேரா நின்னா நடுவுல நிக்கறவருக்கு ஆயுசு குறையும்னெல்லாம் நம்பிக்கை. நம்மூர்லயும் பாட்டிமாருங்க போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. கண்டம் விட்டு கண்டம் தாண்டினாலும் பாட்டிகள் ஒரே கட்சி.

கறுப்பு வெள்ளைப் படத்து மேல கையால வர்ணம் பூசி விக்கற வியாபாரம் யோகோஹாமாவுல சூடு பிடிச்சது. மர அச்சு ஓவியம் வளர்ந்த நாடு, வர்ணம் பூசற கைகளுக்குப் பஞ்சமே இல்லை. பியாட்டோகிட்டயும் அப்புறம் ஸ்டில்பிரீட்ங்கற ஆஸ்திரியக்காரர்கிட்டயும் வேலை பார்த்த குசகாபே கிம்பேய், 1880 வாக்குல தனிக்கடை போட்டு இந்தத் தொழில்ல கொடி கட்டினார். அரக்குப் பூச்சு அட்டை போட்ட ஆல்பம். உள்ளே புஜி மலை, குடை பிடிச்ச பொண்ணு, செர்ரிப் பூ, சாமுராய், கமகுரா புத்தர். கப்பல் ஏறறதுக்கு முன்னாடி பயணிங்க வாங்கிட்டுப் போவாங்க.

இங்கதான் எனக்கு சுவாரசியம் கூடினது. 1872ல் ஷிம்பாஷி - யோகோஹாமா ரயில் ஓட ஆரம்பிச்சாச்சு. 1876ல் சாமுராய்கள் வாள் கட்டக் கூடாதுன்னு அரசாங்கம் சட்டமே போட்டாச்சு. ஆனா அதுக்கப்புறம் வித்த ஆல்பங்கள்லயும் பல்லக்குல பொண்ணு போறா, கவசம் போட்ட சாமுராய் முறைக்கறார். எல்லாம் ஸ்டுடியோவுக்குள்ள, பின்னாடி தொங்கவிட்ட படுதா முன்னாடி எடுத்தது. வாங்கறவனுக்கு வேண்டியது பழைய ஜப்பான், அதனால ஸ்டுடியோவுல பழைய ஜப்பானைத் தயாரிச்சாங்க. லக்னோ எலும்புகள் ஞாபகம் இருக்கா? கேமரா பொய் சொல்லாதுங்கறது அன்னிக்கே பொய்தான்.

இதை நான் வீட்ல விளக்கிட்டிருந்தப்ப தங்கமணி ஒரு கேள்வி கேட்டா. "நம்ம ஆல்பத்துல மட்டும் என்ன இருக்கு? நாலு வருஷத்துப் படங்கள்ல நான் எங்கயுமே துணி காயப்போடலை. நீங்க ஒரு நாள்கூட ராத்திரி பதினோரு மணி டிரெய்ன்ல வரலை. பாப்பாவுக்கு ஜுரம் வந்து, பாஷை தெரியாம ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருந்தோமே, அது எங்க? எல்லா நாளும் செர்ரிப் பூ."

யோசிச்சுப் பார்த்தா, ஊருக்கு அனுப்பற படங்களைப் பார்த்து எங்க அம்மா நாங்க தினமும் பூங்காவுல குடியிருக்கோம்னு நினைச்சிருக்காங்க. கிம்பேய் அவரோட வாடிக்கையாளருக்குச் செஞ்சதை நாம நம்ம குடும்ப வாட்ஸப் குரூப்புக்குச் செஞ்சிட்டிருக்கோம். வர்ணம் பூசற ஆள் மட்டும் இப்ப ஆப் ஆயிட்டான்.

எட்டிப் பார்த்தா என்ன இருக்கு

சரி, புத்தரைப் பத்தி. 1252ல் வார்க்க ஆரம்பிச்ச வெண்கலச் சிலை. கோத்தோகு-இன் கோயிலோட அமிதாப புத்தர். உயரம் 11.3 மீட்டர், பீடத்தோட 13.35 மீட்டர், எடை சுமார் 121 டன். முதல்ல மரத்துல ஒரு சிலை செஞ்சு 1243ல் முடிச்சிருக்காங்க, அதுக்கப்புறம்தான் வெண்கலம். செஞ்ச சிற்பி யாருன்னு பதிவே இல்லை. மேல ஒரு மண்டபம் இருந்தது. 1334லயும் 1369லயும் புயல்ல சேதமாச்சு, 15ஆம் நூற்றாண்டு கடைசியில வந்த சுனாமியில அடிச்சுட்டுப் போனதாச் சொல்றாங்க. அதுக்கப்புறம் கூரை போடவே இல்லை. வெயில், மழை, பனி எல்லாத்தையும் அஞ்சு நூற்றாண்டாப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார். போட்டோகிராபருங்க இந்தச் சுனாமிக்கு நன்றி சொல்லணும். நாரா புத்தர் மாதிரி மண்டபத்துக்குள்ள இருந்திருந்தா வெட் பிளேட் காலத்துல இவ்வளவு படம் வந்திருக்க வாய்ப்பே இல்லை.

எடுக்கப் போறவங்களுக்கு ஒரு டிப்ஸ். சிலையோட தலை உடம்பு அளவுக்குக் கொஞ்சம் பெரிசு, மொத்தமா முன்னாடி குனிஞ்சாப்ல இருக்கும். பக்கத்துல நின்னு அண்ணாந்து பார்க்கற பக்தனுக்கு சரியாத் தெரியணும்னு அப்படி வார்த்திருக்காங்க. அதனால தூரத்துலேர்ந்து ஜூம் போட்டு எடுத்தா தலை பெரிசாத் தெரியும். கிட்டப் போய், நடுத்தர லென்ஸ்ல, நிமிர்த்தி எடுங்க. முகம் நம்மளைப் பார்க்கும். கன்னத்துப் பக்கம் உத்துப் பார்த்தா பழைய தங்கப் பூச்சு கொஞ்சம் ஒட்டிட்டிருக்கறதும் தெரியும்.

50 யென் குடுத்தா சிலைக்குள்ளயே போகலாம். அடியிலேர்ந்து அடுக்கடுக்கா வார்த்து மேல ஏத்தின இணைப்புக் கோடுகள் உள்பக்கம் அப்படியே தெரியுது. கழுத்துல 1960-61ல் வலுவூட்டின பிளாஸ்டிக் பூசிப் பலப்படுத்தியிருக்காங்க. அதே சமயம் சிலைக்கும் பீடத்துக்கும் நடுவுல துருப்பிடிக்காத எஃகுத் தகடு வெச்சு, பூகம்பம் வந்தா சிலை வழுக்கி நகர்ற மாதிரி செஞ்சிருக்காங்க. 1923 பூகம்பத்துல பீடம் சேதமாகி சிலை நகர்ந்த அனுபவத்துல வந்த ஏற்பாடு. பாப்பாவுக்கு இதெல்லாம் தேவையில்லை. "சாமி வயித்துக்குள்ள இருட்டா இருக்கு"ன்னு சொல்லிட்டு வெளியே ஓடிட்டா.

பழைய படங்கள் சிலதுல கோட்டு சூட்டு போட்ட துரைமார் புத்தரோட கைமேல, கட்டைவிரல் பக்கம் ஏறி உட்கார்ந்து போஸ் குடுத்திருப்பாங்க. இன்னிக்கு நினைச்சுப் பார்க்க முடியாத காரியம். 1889ல் கமகுராவுக்கு ரயில் வந்துச்சு, யோகோசுகா கடற்படைத் தளத்துக்காகப் போட்ட லைன். அதோட குதிரையும் துப்பாக்கியும் போய், குடும்பங்கள் வர ஆரம்பிச்சாங்க. 1902ல் ஆரம்பிச்சு 1910ல் கமகுரா வரைக்கும் நீண்ட எனோதென் டிராம்தான் இன்னிக்கும் நம்மளை கோயில் பக்கம் கொண்டு விடுது. மொத்தம் 10 கிலோமீட்டர், வீட்டுக் கொல்லைப்புறங்களை உரசிட்டுப் போகும். பாப்பாவுக்குப் புத்தரைவிட இந்த டிராம்தான் பிடிச்சது.

கேமராவுக்குச் சாமி பேர்

அடுத்த நிறுத்தம் நடக்கற தூரத்துல இருக்கற ஹாசெ-தெரா கோயில். உள்ளே பதினோரு முகம் கொண்ட கன்னோன், மரத்துல செஞ்சு தங்கம் பூசினது, 9 மீட்டருக்கு மேல உயரம். கன்னோன்னா வேற யாரும் இல்லை, அவலோகிதேஸ்வரர்.

1933ல் டோக்கியோவுல ஒரு சின்ன ஆய்வகம் ஆரம்பிச்சாங்க. ஜெர்மன் லைக்காவுக்கு ஈடா ஜப்பான்ல ஒரு 35 மிமீ கேமரா செய்யணும்னு கனவு. அதுல இருந்த யோஷிதா கோரோ லைக்காவைக் கழட்டிப் போட்டுப் படிச்சவர், கன்னோன் பக்தரும்கூட. 1934ல் விளம்பரப்படுத்தின முன்மாதிரிக்கு வெச்ச பேர் குவானோன். சின்னம் ஆயிரம் கை கன்னோன். லென்ஸுக்குப் பேர் காஸ்யபா, புத்தரோட சீடர் காசியபர். கொஞ்ச நாள்ல உலகத்துக்கெல்லாம் விக்கணும்னு பேரைக் கேனான்னு மாத்தினாங்க. 1936ல் வந்த ஹன்சா கேனான்ல மாட்டினது நிக்கோர் லென்ஸ், அதாவது இன்னிக்கு நிக்கான்னு சொல்ற கம்பெனியோடது. கேனானா நிக்கானான்னு சண்டை போடறவங்க இதைக் கொஞ்சம் கவனிக்கவும். முதல் கேமராவே கூட்டணி ஆட்சிதான்.

நம்ம பக்கத்துக் கதை ஒண்ணும் இதுல இருக்கு. 11ஆம் நூற்றாண்டுல புத்தமித்திரர் எழுதின வீரசோழியம், அகத்தியர் அவலோகிதர்கிட்ட தமிழ் கேட்டதாச் சொல்லுது. அவலோகிதர் இருக்கற போதலக மலை தென்னிந்தியாவுல, மலைய மலைக்குப் பக்கத்துல இருக்குன்னு 7ஆம் நூற்றாண்டுல சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதினார். அது நம்ம பொதிகை மலைதான்னு 1980கள்ல வாதிட்டு எழுதினவர் ஷூ ஹிகோசாகா, தமிழ்நாட்டு பௌத்தத்தை ஆராய்ஞ்ச ஒரு ஜப்பானியர். தமிழ் சொல்லிக் குடுத்த சாமி பேர்ல வந்த கேமராவை வெச்சு ஹாசெ-தெராவுல படம் எடுக்கலாம்னு ஆசையாப் போனா, நாங்க போனப்ப கன்னோன் மண்டபத்துக்குள்ள போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போர்டு! கேமராவைப் பைக்குள்ள போட்டுட்டு, சும்மா நின்னு பார்த்துட்டு வந்தோம். அன்னிக்கு ரொம்ப நேரம் பார்த்தது அவரைத்தான்.

படம் எடுக்காத ஒரு கல்

போன தடவை யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தர் குடும்பத்தோட சேர்ந்து போனோம். புத்தர் இருக்கற அதே வளாகத்துல ஒரு நினைவுக்கல் இருக்கு. நம்மாளுங்க நிறைய பேர் அதைக் கவனிக்காம சோவெனிர் கடைக்குப் போயிடறாங்க. 1991ல் வெச்சது, ஜே.ஆர். ஜெயவர்த்தனாவுக்காக.

1951 செப்டம்பர்ல சான் பிரான்சிஸ்கோவுல ஜப்பானோட சமாதான ஒப்பந்தத்துக்காக மாநாடு நடந்தது. இலங்கை சார்பா போனவர் அப்ப நிதியமைச்சரா இருந்த ஜெயவர்த்தனா. 1942 ஏப்ரல்ல கொழும்புலயும் திருகோணமலையிலயும் ஜப்பான் குண்டு போட்டிருந்துச்சு. ஆனாலும் இழப்பீடு வேண்டாம், பழிவாங்க வேண்டாம், ஜப்பானைச் சுதந்திர நாடா விடுங்கன்னு புத்தரோட போதனையைச் சொல்லிப் பேசினார். தோத்துப்போய், தலை குனிஞ்சு நின்ன நாட்டுக்கு அது பெரிய ஆறுதல். ஜப்பான் அதை இன்னும் மறக்கலை. அந்த நன்றிதான் இந்தக் கல்.

கூட வந்த அண்ணாவோட அப்பாவுக்கு வெள்ளவத்தையில கடை இருந்திருக்கு. 1983 ஜூலையில எரிச்சுட்டாங்க. அந்த ஜூலையில கொழும்புல தமிழர்கள் நூத்துக்கணக்குல கொல்லப்பட்டப்ப நாட்டோட ஜனாதிபதி இதே ஜெயவர்த்தனா. நாலு நாள் கழிச்சு நாட்டு மக்கள்கிட்ட பேசினவர், பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லலை. யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச 1981லயும் அவர் ஆட்சிதான்.

நான் கல்லைப் படிச்சு முடிக்கற வரைக்கும் அண்ணா கொஞ்சம் தள்ளியே நின்னார். "ஒரு படம் எடுக்கவா அண்ணா?"ன்னு கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. ஜப்பான்காரருக்கு அந்தாள் செய்தது நல்ல காரியம்தான், அதை நான் இல்லையெண்டு சொல்ல மாட்டன். அவை நன்றி சொல்லினம், சொல்லட்டும். எங்கட அப்பாவுக்கு ஆர் கல்லு வைக்கிறது? நீங்கள் பிள்ளையளை எடுங்கோ."

பிள்ளைகளை எடுத்தேன். புத்தருக்கு முன்னாடி, அதே ஆங்கிள்ல. அந்தப் படத்துல கல் வராது. ஆனா எனக்கு இப்ப அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பிரேமுக்கு வெளியே ஒரு கல்லும், தள்ளி நிக்கற ஒரு மனுஷனும் தெரியறாங்க. சாமுராய் ஆல்பத்துல வராத ரயில் மாதிரி.

மிச்சம் இருக்கறது

1923 செப்டம்பர் 1, பகல் 11:58. 7.9 ரிக்டர்னு சொல்லப்படற பெரிய கான்டோ பூகம்பம். ஒரு லட்சத்துக்கு மேல உயிர்ச்சேதம். யோகோஹாமா நொறுங்கி எரிஞ்சது. பூகம்ப இடிபாடுகளைக் கடல்ல கொட்டி, அது மேல உருவாக்கி 1930ல் திறந்ததுதான் இன்னிக்கு நாம குழந்தைகளைத் தள்ளுவண்டியில வெச்சு நடக்கற யமாஷிதா பூங்கா. அங்கே ஒரு ஓரத்துல இந்தியப் பாணியில குவிமாடம் வெச்ச ஒரு குடிநீர் மேடை இருக்கும். பூகம்பத்தப்ப உதவி செஞ்ச யோகோஹாமா மக்களுக்கு நன்றியா, இங்கே இருந்த இந்திய வியாபாரிகள் 1939ல் கட்டிக் குடுத்தது. போனா அண்ணாந்து உள்கூரையைப் பாருங்க, மொசைக் வேலைப்பாடு. வைட் லென்ஸ் இருந்தா நல்லது.

அந்தப் பூகம்பத்துக்கு முந்தின யோகோஹாமா எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கு நமக்குக் காட்டறது, பயணிங்க ஞாபகார்த்தமா வாங்கி வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போன ஆல்பங்கள்தான் பெரும்பாலும். ஊர்ல இருந்தது எரிஞ்சுது, ஊரை விட்டுப் போனது பிழைச்சுது. அந்தப் படங்கள்ல இன்னிக்கு ஆராய்ச்சியாளர்கள் தேடறது குடை பிடிச்ச பொண்ணை இல்லை. அவளுக்குப் பின்னாடி தற்செயலா விழுந்த கடைப் பலகை, தெருவுல ஓடற சாக்கடை, செருப்பு இல்லாம நிக்கற கூலியாள். எடுத்தவர் எடுக்கணும்னு நினைக்காத சமாச்சாரம்தான் இப்ப சரித்திரம்.

அதனால இப்ப எங்க வீட்ல ஒரு புது வழக்கம். அவுட்டிங் போனா புத்தர் படம் கண்டிப்பா உண்டு, அதை விட முடியாது, அம்மா கேப்பாங்க. கூடவே டிபன் டப்பாவைத் திறந்து வெச்சிருக்கற பெஞ்ச், ஸ்டேஷன் நேரப் பலகை, திரும்பி வரும்போது தோள்ல தூங்கற பாப்பா. வாரத்துல ஒரு நாள், சாதாரண செவ்வாக்கிழமையா இருந்தாலும் சரி, வீட்டுக்குள்ள ஒரு படம். பால்கனியில காயற துணி, குக்கர், ராத்திரி பதினோரு மணிக்கு வந்து ஷூவைக் கழட்டற நான். தங்கமணிதான் எடுக்கறா. என்னைவிட நல்லாவே எடுக்கறா, இதை வெளியே சொல்லிடாதீங்க. பிரின்ட் போட்டுப் பின்னாடி தேதியும் இடமும் பென்சில்ல எழுதி வெச்சிடறோம்.

கமகுரா போறவங்க காலையில சீக்கிரமாப் போயிடுங்க. கமகுராகோகோ-மே ஸ்டேஷன் பக்கம் இருக்கற ரயில்வே கிராசிங்ல ஸ்லாம் டங்க் ரசிகர்கள் கூட்டம் தாங்கலை, அங்கே குடியிருக்கறவங்களுக்கு ரோட்டைக் கடக்கவே கஷ்டமா இருக்கு. தள்ளி நின்னு எடுங்க. பழைய படங்கள் பார்க்க ஆசைப்படறவங்க நாகசாகி பல்கலைக்கழக நூலகத்தோட பழைய போட்டோத் தொகுப்பைத் தேடிப் பாருங்க, ஒரு ராத்திரி போயிடும். எங்களுக்கு அடுத்த லீவுக்கு நாகசாகியேதான், உஏனோ ஹிகோமா ஸ்டுடியோ இருந்த ஆத்தங்கரையைப் பார்க்கணும். டிக்கெட் விலையைப் பார்த்துட்டு தங்கமணி இன்னும் தலையாட்டலை.